மலைமுடியினின்று கடல்வரை: பதினாயிரவர் மீட்சிப் பயணம்

உலக வரலாற்றிலே படையெடுப்புக்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை வென்றவர் பெயரால் நினைக்கப்படுகின்றன. தோல்வியுற்ற ஒரு படையெடுப்பின் பின், நாடு திரும்ப வழி தேடிய கூலிப்படையொன்றின் நடைப்பயணம் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக நினைக்கப்பட்டு வருதல் வியப்பிற்குரியது. கி. மு. 401 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் பாபிலோனியச் சமவெளியிலே தலைவனை இழந்த கிரேக்கப் படையினர், தைகிரிசு நதியோரமாக வடக்கு நோக்கி நடந்து, குர்திய மலைகளையும் ஆர்மீனியப் பீடபூமியையும் கடந்து, மறு ஆண்டிற் கருங்கடற் கரையை அடைந்தனர். இவர்களைப் 'பதினாயிரவர்' என்று வரலாறு வழங்குகின்றது. இப்பயணத்தை நமக்கு அறிவித்தவர் அதில் நடந்தவருள் ஒருவரான செனபோன் என்னும் அதென்சு நகரத்தார். அவர் எழுதிய நூல் 'அனபாசிசு' எனப்படும். கடற்கரையினின்று உள்நாடு நோக்கி 'மேலேறுதல்' என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும், நூலின் பெரும்பகுதி திரும்பி வந்த கதையையே கூறுகின்றது.

இப்பயணத்தைப் படிப்போர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இத்துணைப் பெரிய கூட்டத்தை அழியாது காத்தது எது? அதன் பொருட்டு வழியிலிருந்த மலைவாழ் மக்கள் கொடுத்த விலை யாது? முதல் வினாவை ஆராய்ந்தோர் பலர். இரண்டாவதை ஆராய்ந்தோர் சிலரே. இரண்டிற்கும் விடை தரும் சான்றுகள் ஒரே நூலில் அடங்கியிருத்தல் செனபோனின் சிறப்பாகும்.

படையெடுப்பின் காரணம்

பாரசீக மன்னன் இரண்டாம் தாரியசு கி. மு. 404 இல் இறந்தபோது மூத்த மைந்தன் இரண்டாம் அர்த்தக்சேர்க்சசு அரியணை ஏறினான். இளைய மைந்தன் சைரசு சின்னாசியாவின் மேற்குப் பகுதியை ஆண்டு வந்தான். தமையனைக் கொல்லச் சூழ்ச்சி செய்தான் என்று திசாபெர்னசு என்னும் மாகாணாதிபதி அவன்மீது குற்றஞ் சாட்டினான். தாய் பரிசாத்திசின் தலையீட்டால் உயிர் தப்பிய சைரசு, மீண்டும் தமையன் கைக்கு எட்டாதிருக்க ஒரே வழி அவ்வரியணையைக் கைப்பற்றுதலே எனத் துணிந்தான்.

அதே ஆண்டிற் கிரேக்க நாட்டிலே ஸ்பாட்டாவுக்கும் அதென்சுக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகளாக நிகழ்ந்த பெலொப்பொனேசியப் போர் முடிவுற்றது. போர்த்தொழிலன்றி வேறொன்றறியாத வீரர் பலர் வேலையற்றிருந்தனர். சைரசு அவர்களைக் கூலிக்கு அமர்த்தினான். பிசீதிய மலைக் கள்வரை ஒடுக்குவதற்கென்றே படை திரட்டப்படுவதாக அவர்களுக்குக் கூறப்பட்டது. உண்மையான நோக்கம் பாதி வழி கடந்த பின்னரே வெளியாயிற்று. அப்பொழுது திரும்புதல் அரிது, கூலியும் உயர்த்தப்பட்டது. படையும் தொடர்ந்து நடந்தது.

செனபோன் இப்படையிற் சேர்ந்த வரலாறு சுவையானது. பொயோசிய நாட்டு நண்பனான புரொக்சினசு அவரை அழைத்தான். செனபோன் தம் ஆசானாகிய சோக்கிரதீசரிடம் யோசனை கேட்டார். டெல்பிக் கோயிலிற் குறி கேட்குமாறு ஆசான் பணித்தார். செனபோனோ, போகலாமா என்று கேளாது, பயணம் நலமாய் முடிய எத்தெய்வங்களுக்குப் பலியிடல் வேண்டும் என்று கேட்டு விடை பெற்று வந்தார். கேட்க வேண்டியதைக் கேளாது விட்டமைக்காகச் சோக்கிரதீசர் அவரைக் கடிந்து, கேட்டவாறே செய்யுமாறு விடை கொடுத்தார். இதனை மறைக்காது தாமே எழுதி வைத்தமை செனபோனின் நேர்மைக்குச் சான்றாகும்.

குனாக்சாவும் அதன் பின்னும்

பாபிலோனியாவிற் படை கணக்கிடப்பட்டபோது கனத்த கவசம் பூண்ட கிரேக்கர் 10,400 பேரும் இலகு கேடயப் படையினர் 2,500 பேரும் இருந்தனர். குனாக்சா என்னும் இடத்திற் போர் நிகழ்ந்தது. கிரேக்கர் தம் பக்கத்து எதிரிகளைத் துரத்தியடித்தனர். சைரசோ தமையனை நேரிற் கண்டதும் ஆத்திரத்தால் முன்பாய்ந்து உயிரிழந்தான். வென்றவர் கிரேக்கர், ஆனால் அவ்வெற்றி எவருக்காகவோ அவன் இல்லை. மறுநாட் காலையிலேதான் அச்செய்தி அவர்களுக்கு எட்டியது.

பின்னர் திசாபெர்னசு அவர்களைப் பாதுகாப்பாக நாட்டிற்கு அழைத்துச் செல்வதாக உடன்படிக்கை செய்தான். பெரிய சாப் ஆற்றங்கரையில், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்ட ஐந்து தளபதிகளும் சிறைப்பிடிக்கப்பட்டனர். உடன்சென்ற இருபது சிறுபடைத் தலைவர்கள் அங்கேயே வெட்டுண்டனர். தலைமை தாங்கிய ஸ்பாட்டா நாட்டுக் கிளியார்க்கசும், செனபோனின் நண்பன் புரொக்சினசும் பின்னர் சிரச்சேதம் செய்யப்பட்டோருள் அடங்குவர். தலைவரில்லாக் கூட்டம் தானே கலைந்துவிடும் என்று பாரசீகர் எண்ணினர்.

அவ்வெண்ணம் பொய்த்தது. அன்றிரவு எஞ்சிய தலைவர்கள் கூடினர். இறந்தோர் இடங்களுக்குப் புதியோர் தெரிவு செய்யப்பட்டனர். விடிந்ததும் படையினர் அனைவரும் பேரவையாகக் கூடிக் கை உயர்த்தி அவற்றை ஏற்றனர். செனபோன் தெரிவு செய்யப்பட்டது இவ்வாறே. வண்டிகளும் கூடாரங்களும் தேவைக்கு மிஞ்சிய பொருள்களும் எரிக்கப்பட்டன. ஸ்பாட்டா நாட்டுக் கெய்ரிசோபசு முன்னணியையும் செனபோனும் திமாசியனும் பின்னணியையும் பொறுப்பேற்றனர். பாரசீக வில்லாளரும் குதிரைவீரரும் தொலைவில் நின்று துன்புறுத்தியபோது, படையிலிருந்த ரோட்சுத் தீவினரைத் தேடி இருநூறு பேர் கொண்ட கவண் படையொன்று அமைக்கப்பட்டது. அவர்கள் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்த அறிந்திருந்தமையாற் பாரசீகரினும் இருமடங்கு தூரம் எறிந்தனர். சுமைக் குதிரைகளுட் சிலவற்றைக் கொண்டு ஐம்பது பேர் கொண்ட குதிரைப்படையும் எழுந்தது. உள்ளதைக் கொண்டு இல்லாததை ஆக்கிக்கொள்ளும் திறனே இப்படையின் முதற் செல்வம்.

மலைகளினூடே

தைகிரிசு நதியும் செங்குத்தான மலைகளும் சேரும் இடத்தில் மேற்கொண்டு நதியோரம் நடத்தல் இயலாதாயிற்று. வடக்கே கார்தூக்கியர் என்னும் மலைமக்கள் வாழ்ந்தனர். பாரசீக மன்னனுக்கும் அடங்காத அவர்கள் நாட்டைக் கடக்க ஏழு நாட் சென்றன. அந்த ஏழு நாளும் போர். உயரத்தினின்று பாறைகள் உருட்டப்பட்டன. நீண்ட விற்களினின்று எய்த அம்புகள் கேடயத்தையும் மார்புக் கவசத்தையும் துளைத்தன. பாரசீக மன்னனும் திசாபெர்னசும் இழைத்த தீங்குகள் அனைத்தையும் கூட்டினாலும் இவ்வேழு நாட் துன்பத்திற்கு ஈடாகா என்பது செனபோனின் மதிப்பீடு.

சென்றிரைட்சு ஆற்றைக் கடந்து ஆர்மீனியாவை அடைந்தபோது மனிதப் பகை தணிந்தது; இயற்கைப் பகை தொடங்கியது. ஒரு நாள் இரவு பெய்த வெண்பனி உறங்கியோரையும் அவர்தம் படைக்கலங்களையும் மூடியது. பனிப்போர்வையின் கீழ்க் கிடத்தல் வெப்பமாயிருந்தமையால் எழுவதற்கு எவரும் மனங்கொள்ளவில்லை. செனபோன் மேலாடையின்றி எழுந்து விறகு பிளக்கத் தொடங்கினார். அதைக் கண்ட ஒருவன் எழுந்து அவர் கையினின்று கோடரியை வாங்கினான்; பின்னர் ஒருவர்பின் ஒருவராக யாவரும் எழுந்து தீ மூட்டினர். கட்டளை எதுவும் இடப்படவில்லை என்பது கவனித்தற்குரியது.

யூப்பிரத்தீசின் தலைப்பகுதியைக் கடந்த பின் பனியின் ஆழம் ஆறடியாயிற்று. எதிரே வீசிய வடகாற்று முகத்தைச் சுட்டது. சுமை விலங்குகளும் அடிமைகளும் பெருந்தொகையாய் மாண்டனர். வீரருள் முப்பதின்மர் அளவில் இறந்தனர். தீ மூட்டிய இடங்களிற் பனி உருகித் தரைவரை பெருங்குழிகள் உண்டாயின. அவற்றைக் கொண்டே பனியின் ஆழம் அளக்கப்பட்டது. முதலில் வந்து தீ மூட்டியோர், பிந்தி வந்தோர் கோதுமையோ வேறுணவோ பகிர்ந்தாலன்றி அவர்களைத் தீயருகே விடவில்லை. பசியால் மயங்கி வீழ்ந்தோர் சிறிது உண்டதும் எழுந்து நடந்தனர். பனியின் ஒளியாற் கண் கெடாதிருக்கக் கருநிறப் பொருளொன்றைக் கண்முன் பிடித்து நடந்தனர். பாதம் உறையாதிருக்க ஓயாது அசைந்தனர். இரவில் மிதியடியைக் கழற்றினர். கழற்றாது உறங்கியோரின் பாதத்தில் தோல்வார் புதைந்து உறைந்தது. பழைய மிதியடிகள் தேய்ந்தமையால், அப்பொழுதுரித்த மாட்டுத் தோலாற் செய்தவற்றையே பலர் அணிந்திருந்தனர். பனிமலைப் பயணத்தின் இடர்களை இத்துணை நுணுக்கமாக விவரிக்கும் பழைய நூல்கள் சிலவே.

காத்தது எது?

இப்பயணத்தின் நாயகன் செனபோனே என்று நூலைப் படிப்போர் எளிதில் முடிவு செய்வர். வரலாற்று மாணவன் ஈண்டு சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நூலாசிரியரும் அவரே, நாயகரும் அவரே. அவர் தம்மைப் படர்க்கையில் வைத்து எழுதினார். பிறிதொரு நூலில் இக்கதையைச் சிரக்கூசு நகரத்துத் தெமிஸ்தோகெனசு என்பார் எழுதியதாகவுங் குறிப்பிட்டார். பிற்காலத்தவரான தியோதோரசு என்னும் வரலாற்றாசிரியர் இதே பயணத்தை எழுதுகையில், மலைகளைக் கடந்த பகுதியிற் செனபோனின் பெயரையே கூறவில்லை. கெய்ரிசோபசையே தலைவனாகக் காட்டுகின்றார். எனவே செனபோனின் பங்கை அவர் சொல்லாற் மட்டும் அளத்தல் முறையன்று.

ஆயினும், தலைவனின் புகழைச் சற்றே ஒதுக்கி வைத்து நோக்கினும் அந்நூலில் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. அப்படை, நடந்து செல்லும் ஒரு நகரம் போன்றிருந்தது. பெரிய முடிபுகள் பேரவையில் எடுக்கப்பட்டன. தலைவர் தம் செயலுக்கு வீரர்முன் விடை கூறக் கடமைப்பட்டிருந்தனர். இதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

ஒருநாட் குன்றொன்றைப் பகைவருக்கு முன் சென்று பிடிக்க வேண்டியிருந்தது. குதிரைமீதிருந்து வீரரை ஊக்கிய செனபோனைப் பார்த்து, சிக்கியோன் நாட்டுச் சோத்தெரிதாசு என்பவன், நீர் குதிரையில் வருகின்றீர், யானோ கேடயஞ் சுமந்து களைக்கின்றேன் என்று முறையிட்டான். செனபோன் குதிரையினின்று குதித்து, அவனை அணியினின்று தள்ளி, அவன் கேடயத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். குதிரைவீரர்க்குரிய கவசம் பூண்டிருந்தமையால் அவர்க்கு அது பெருஞ் சுமையாயிற்று. உடனிருந்த வீரரே சோத்தெரிதாசை அடித்தும் ஏசியும் கேடயத்தை மீளப் பெறச் செய்தனர்.

மற்றது இதனினும் ஆழமானது. பனியில் நடந்தபோது, நோயுற்ற வீரனொருவனைச் சுமக்கும் பொறுப்பு ஒரு கோவேறு கழுதைக்காரனுக்கு அளிக்கப்பட்டது. சிறிது நேரத்தின் பின் அவன் குழி தோண்டி நோயாளியைப் புதைக்க முனைதலைச் செனபோன் கண்டார். புதைக்கப்படுபவனின் கால் அசைந்தது. உயிருடனிருக்கிறான் என்று அருகிலிருந்தோர் கூவினர். இருந்தாலும் தான் சுமக்கப் போவதில்லை என்றான் கழுதைக்காரன். செனபோன் அவனை அடித்தார். மாதங்கள் சென்று கடற்கரையிலே கொத்தியோரா நகரில் அவன், தன்னை அடித்தமைக்காகத் தளபதிமீது பேரவையிற் குற்றஞ் சாட்டினான். தளபதி எழுந்து விடை கூறினார். கேட்ட வீரர், அடித்தது போதாது என்று ஆரவாரித்தனர்.

கழுதைக்காரன் ஒருவன் தளபதியைக் குற்றவாளியாக நிறுத்த முடிந்தது; தளபதியும் வாளை நாடாது சொல்லை நாடினார். ஒரே நாளில் தலைவர் பலரை இழந்த படை மறுநாளே எழுந்து நடந்தமைக்குக் காரணம் இவ்வமைப்பிலேதான் உளது. தலைவனை வெட்டினால் உடல் வீழும் என்பது பாரசீகப் பேரரசின் அனுபவம். தலைவனைத் தானே ஆக்கிக்கொள்ளும் உடலை அப்பேரரசு அறிந்திருக்கவில்லை.

மலைமக்கள் கொடுத்த விலை

இனி இரண்டாம் வினா. பதினாயிரவர் உணவு கொண்டு செல்லவில்லை. வழியிலுள்ள ஊர்களிற் கிடைத்ததையே உண்டனர். சில இடங்களில் விலைக்கு வாங்கினர். பல இடங்களிற் பறித்தனர். ஆர்மீனியாவில் தங்கிய வீடுகளைச் சிலர் செருக்கினாற் கொளுத்திவிட்டுச் சென்றனர். மீண்டும் அவ்வூர்களுக்கே திரும்ப நேர்ந்தபோது, கொளுத்தியோர் தங்க இடமின்றி வருந்தினர் எனச் செனபோன் எழுதுகின்றார்.

ஆர்மீனியச் சிற்றூர் ஒன்றிற் பனிக்குப் பயந்து மக்கள் நிலத்தின்கீழ் வீடமைத்து வாழ்ந்தனர். வாயில் கிணற்று வாய் போன்றது, உள்ளே அகன்றது. மனிதர் ஏணியால் இறங்குவர். ஆடுமாடுகளுக்குச் சரிந்த வழி வெட்டப்பட்டிருந்தது. வாற்கோதுமை மதுவை நாணற் குழலால் உறிஞ்சிப் பருகினர். அவ்வூர்த் தலைவன் படையினரை உபசரித்தான். பனியில் நடக்கும்போது குதிரைகளின் காலிற் பை கட்ட வேண்டும் என்று கற்பித்தவனும் அவனே. பின்னர் அவனையே வழிகாட்டியாகக் கொண்டு சென்றனர். ஊர் எதுவும் எதிர்ப்படவில்லை என்று கெய்ரிசோபசு அவனை அடித்தான். அன்றிரவு அவன் தப்பியோடினான். பிணையாக வந்த மைந்தன் படையினரிடமே அகப்பட்டு, ஈற்றில் அயல்நாடு கொண்டு செல்லப்பட்டான். பயணம் முழுவதிலும் செனபோனும் கெய்ரிசோபசும் பிணங்கியது இது பற்றியே. உபசரித்தவன் தன் மகனை இழந்தான் என்பதை மூல நூல் இரண்டொரு வரியிற் கூறிச் செல்கின்றது. படிப்பவன் அவ்வாறு கடந்து செல்லல் தகாது.

தாவோக்கியர் நாட்டில் நேர்ந்தது இதனினும் கொடியது. உணவின்றி வாடிய படை அவர்கள் ஒதுங்கியிருந்த மலைக்கோட்டையைத் தாக்கியது. கோட்டை வீழ்ந்தபோது பெண்கள் தம் குழந்தைகளைப் பாறையினின்று எறிந்து தாமும் குதித்தனர். ஆடவரும் அவ்வாறே செய்தனர். ஒருவனைத் தடுக்க முயன்ற கிரேக்கத் தலைவன் ஐனெயாசும் அவனோடு வீழ்ந்து மாண்டான். அகப்பட்ட மனிதர் மிகச் சிலர்; ஆடுமாடுகளோ பல. அவற்றை உண்டே படை மேலும் பல நாள் நடந்தது. கிரேக்கருக்கு வீரப் பயணமாகிய ஒன்று அம்மக்களுக்கு ஊழியிறுதியாயிற்று.

கடற்காட்சி

கிம்னியாசு என்னும் நகரின் ஆட்சியாளன் ஒரு வழிகாட்டியை அனுப்பினான். ஐந்து நாளிற் கடலைக் காட்டுவதாகவும், தவறினால் உயிரைத் தருவதாகவும் அவன் வாக்களித்தான். தன் நாட்டுப் பகைவரின் நிலத்தை அடைந்ததும் அதனை எரித்துப் பாழாக்குமாறு படையினரைத் தூண்டினான். அவன் வந்த நோக்கம் அப்பொழுது விளங்கியது. ஐந்தாம் நாள் தேக்கசு என்னும் மலையின் உச்சியை முன்னணியினர் அடைந்தனர். அங்கே பேராரவாரம் எழுந்தது. பின்னணியிலிருந்த செனபோன், பகைவர் தாக்கினர் என்று எண்ணினார். ஏறியவர் ஒவ்வொருவரும் ஓடிச் சென்று கூச்சலிற் சேர, ஒலி பெருகியது. குதிரையேறி விரைந்த அவர் காதில், கடல் என்னும் ஒரே சொல் வாய்விட்டு வாய் தாவி வருதல் கேட்டது. உச்சியில் வீரரும் தலைவரும் கண்ணீர் மல்கத் தழுவிக்கொண்டனர். யார் கூறியதென்றறியாது கற்களைக் கொணர்ந்து பெருங் குவியலெழுப்பினர். வழிகாட்டிக்குக் குதிரையும் வெள்ளிக் கிண்ணமும் பாரசீக ஆடையும் பத்துத் தாரிக் பொற்காசும் அளித்தனர். அம்மலை இன்றைய துருக்கியின் திராப்சோன் நகருக்குத் தெற்கேயுள்ள மலைத்தொடரைச் சேர்ந்தது; எம்முடி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதனை அடுத்து நிகழ்ந்ததொன்று கடற்காட்சிக்கு ஈடான சிறப்புடையது. மக்ரோனியர் என்பார் ஆற்றின் மறுகரையிற் போருக்கு அணிவகுத்து நின்றனர். அப்பொழுது அதென்சிலே அடிமையாயிருந்த வீரனொருவன் செனபோனிடம் வந்து, இவர்கள் மொழி தனக்குத் தெரியும். இதுவே தன் தாய்நாடு போலும் என்றான். அவன் வாயிலாகப் பேச்சு நிகழ்ந்தது. இரு பக்கத்தாரும் ஈட்டிகளை மாற்றி உறுதி செய்தனர். மக்ரோனியர் மரங்களை வெட்டி வழியமைத்து, மூன்று நாள் உடன்சென்று தம் எல்லைவரை வழிவிட்டனர். கார்தூக்கியரிடத்தும் தாவோக்கியரிடத்தும் குருதி சிந்தி வழி பெற்றவர்கள், ஈண்டு ஒரு சொல்லும் சிந்தாது பெற்றிருப்பின் வியப்பன்று. ஒரு துளிக் குருதியும் சிந்தாது பெற்றனர் என்பதே வியப்பு. அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட ஒருவனின் தாய்மொழி, பதினாயிரம் ஈட்டிகள் செய்யாததைச் செய்தது.

கொல்கியர் நாட்டிற் காட்டுத் தேனை உண்டோர் மயங்கி வீழ்ந்து, மூன்று நான்கு நாளில் தேறினர். அப்பகுதியில் வளரும் ரோடோடென்றன் என்னும் புதர்ச்செடியின் மலர்த்தேனில் நஞ்சுண்டென்பதைப் பிற்கால அறிவியல் உறுதி செய்துள்ளது. பின்னர் திரபீசசு என்னும் கிரேக்கக் குடியேற்ற நகரை அடைந்து முப்பது நாள் தங்கினர்; தெய்வங்களுக்குப் பலியிட்டு விளையாட்டுப் போட்டிகள் நடத்தினர். அடுத்து கெரசசு நகரிற் கணக்கெடுத்தபோது எஞ்சியோர் 8,600 பேர்.

விளைவு

கடலை அடைந்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. கப்பல்கள் போதியன கிடைக்கவில்லை, உட்பகை வளர்ந்தது, கி. மு. 399 இல் எஞ்சியோர் ஸ்பாட்டாத் தளபதி திப்ரோனின் படையிற் சேர்ந்தனர். ஆயினும் அவர்கள் நடந்த வழி கிரேக்கர் உள்ளத்திற் பதிந்தது. பேரரசின் நடுவிலே சென்று, மன்னனை எதிர்த்து, உயிருடன் மீளலாம் என்பது வெளியாயிற்று. கி. மு. 396 இல் ஸ்பாட்டா மன்னன் அகெசிலாசு ஆசியா சென்றான். கி. மு. 380 அளவில் ஐசோக்கிரதீசு பாரசீகத்தின் வலிமைக் குறைவிற்கு இப்பயணத்தைச் சான்று காட்டினார். கி. மு. 334 இல் அலெக்சாந்தர் படையெடுத்தான். அவன் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதிய அரியன், தம் நூலுக்கும் 'அனபாசிசு' என்றே பெயரிட்டார்.

பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளோடு ஒப்பிடின் இது சிறு நிகழ்ச்சியே. ஆயினும், இடரிடை ஒருங்கு கூடி முடிவெடுக்கும் மக்கள் எத்தகைய மலையையும் கடப்பர் என்பதற்கு இது சான்று. அவ்வாறு கடப்போரின் காலடியிற் பிறர் வீடு எரிதலும் உண்டு என்பதற்கும் இதுவே சான்று. தேக்கசு மலையின் கற்குவியலைப் போற்றும் வரலாறு, தாவோக்கியர் பாறையையும் மறவாதிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே எழுதி வைத்தமையாற் செனபோன் வீரராக மட்டுமன்றி வரலாற்றாசிரியராகவும் நிலைபெறுகின்றார்.